உயர் சுழற்சி எஞ்சினில் பேரிங் போகாமல் காப்பது: இராமநாதபுரம் கடற்கரை ஓட்டுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பனை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, தொண்டி என்று கரையை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் பெரும்பாலும் நேராகவே கிடக்கின்றன. இத்தகைய சாலைகளில் எஞ்சின் ஓய்வின்றி அதிகச் சுழற்சியில் நீண்ட நேரம் ஓட நேர்கிறது. பழைய ஹோண்டா சிட்டி விடெக் போன்ற, சுழற்சி ஏற ஏறத் திறன் கூடும் எஞ்சின்களை வைத்திருப்பவர்களுக்கும், ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களின் எஞ்சினை மாற்றியமைத்து ஓட்டுபவர்களுக்கும், ஆண்டுக்கு ஓரிரு முறை கோயம்புத்தூரின் 'கரி' மோட்டார் பந்தயத் தளத்துக்கோ சென்னை அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கோ காரை எடுத்துச் செல்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

"ஆயில் இல்லாமல் பேரிங் போய்விட்டது" என்று பட்டறையில் சொல்லும்போது, பல நேரங்களில் எஞ்சினுக்குள் எண்ணெய் இருந்திருக்கும். ஆனால் அது பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சேம்பரில் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) எண்ணெய் இருப்பதும், அந்த எண்ணெய் காற்றுக் கலப்பில்லாமல், போதிய அழுத்தத்துடன், சரியான பிசுபிசுப்புடன் கிராங்கின் (பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டின்) கடைசிப் பின் (ராடு பொருந்தும் உருளைப் பகுதி) வரை போய்ச் சேர்வதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். விலையுயர்ந்த பேரிங்கை வாங்கிப் போடுவதற்கு முன்னால் எண்ணெய் செல்லும் பாதையைச் சீராக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பேரிங்கைத் தாங்குவது எது

கிராங்கின் பின்னுக்கும், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் அமரும் இரண்டு அரைவட்ட ஷெல்களுக்கும் இடையே குண்டுகளோ உருளைகளோ கிடையாது. இருப்பது எண்ணெய் மட்டுமே. பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்பது பழைய பொதுக் கணக்கு. அதன்படி 45 மி.மீ. விட்டமுள்ள பின்னுக்கு ஏறத்தாழ 0.045 மி.மீ. இடைவெளி கிடைக்கும். சுமை அழுத்தும் பக்கத்தில் எண்ணெய்ப் படலம் இதைவிடவும் மெலிந்து, சில மைக்ரான் அளவுக்கு வந்துவிடுகிறது.

1880-களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்தபோது, பேரிங்கின் மேற்புறத்தில் இட்ட துளையை மரக்கட்டையால் அடைத்து வைத்தார். அச்சு சுழலத் தொடங்கியதும் உள்ளிருந்த எண்ணெய் அந்தக் கட்டையை வெளியே தள்ளிவிட்டது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் டயர் நீரின் மேல் ஏறி மிதப்பதைப் போல, சுழலும் பின் தானே எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்து அதன் மேல் மிதக்கிறது. அந்தப் படலத்துக்குள் உருவாகும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாரை எட்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). ஆயில் பம்ப் தரும் நான்கைந்து பார் அழுத்தம் சுமையைத் தாங்குவதில்லை. பேரிங்கின் ஓரங்கள் வழியே ஓயாமல் வழிந்து வெளியேறும் எண்ணெயை ஈடுசெய்வதும், அங்கே பிறக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்வதும்தான் பம்பின் வேலை.

அந்த ஈடுசெய்தல் நின்றால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். 48 மி.மீ. விட்டமுள்ள பின் 8,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 8,000 சுற்று) வேகத்தில் சுழலும்போது நொடிக்கு 133 சுற்றுகள் சுற்றுகிறது. அதன் மேற்பரப்பு நொடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஷெல்லை உரசிச் செல்கிறது. அந்த நிலையில் படலம் அறுந்தால் ஷெல்லின் மென்மையான மேற்பூச்சு வழித்தெடுக்கப்படுவதற்கு மிகக் குறைந்த நேரமே போதும்.

சுழற்சி கூடும்போது மாறுவது

பிஸ்டனையும் ராடையும் மேலும் கீழும் நிறுத்தித் திருப்பும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 4,000-லிருந்து 8,000-க்குப் போனால் அது நான்கு மடங்காகிறது. 6,000-லிருந்து 8,000-க்குப் போனாலே ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடுகிறது. புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியை அடையும்போது, அதை எதிர்த்துக் கீழே அழுத்த, எரிந்த வாயுவின் அழுத்தம் இருப்பதில்லை. ஆகவே அந்த முழு இழுவிசையும் ராடின் மூடிப் பக்கத்து ஷெல்லின் மேலும் ராடு போல்ட்டுகளின் மேலும் விழுகிறது. இதற்கு நேர்மாறாக, குறைந்த சுழற்சியில் உயர் கியரைப் போட்டு முழுமையாக மிதிப்பதும், எஞ்சின் 'நாக்' ஆவதும் (எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்துத் தட்டுவதும்) ராடு பக்கத்து மேல் ஷெல்லைத் தாக்குகின்றன. பிரித்துப் பார்க்கும் நாளில் எந்த ஷெல் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே எஞ்சினை எப்படி ஓட்டினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மற்றொரு சிக்கல் கிராங்குக்குள்ளேயே இருக்கிறது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு வந்த எண்ணெய், கிராங்கில் துளைத்த வழியாக ராடு பேரிங்குக்குப் போக வேண்டும். மெயின் ஜர்னலின் (மெயின் பேரிங்குக்குள் சுழலும் கிராங்குப் பகுதியின்) நடுப்பகுதியைக் கடந்து செல்லும்படி துளையிடப்பட்ட கிராங்குகளில், வெளிநோக்கித் தள்ளும் மையவிலக்கு விளைவை எதிர்த்தே எண்ணெய் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. ஆயிரம் சுழற்சிக்கு 10 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 0.7 பார்) அழுத்தம் வேண்டும் என்று பழைய எஞ்சின் கட்டுநர்கள் சொல்லும் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

8,400 சுழற்சி வரை செல்லும் பி.எம்.டபிள்யூ எஸ்65 வி8 எஞ்சினுக்கு 10டபிள்யூ-60 எண்ணெய் பரிந்துரைக்கப்பட்டும், அதன் ராடு பேரிங் தேய்மானம் உலகெங்கும் பேசுபொருளானது. ஆகவே எஞ்சினின் பெயரையும் விலையையும் நம்பிக் கண்காணிப்பைக் கைவிட முடியாது.

முதல் படி: எண்ணெய் மட்டம்

சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் மொத்தமே 3 முதல் 4 லிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது. ஆயில் ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் 1 லிட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. கீழ்க்கோட்டில் நிற்கும் எஞ்சின், மெதுவாக ஓட்டும்போது எந்தக் குறையும் காட்டாது. ஆனால் நீண்ட நேரம் உயர் சுழற்சியில் ஓடும்போது சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறிய எண்ணெய் அதே வேகத்தில் கீழே இறங்குவதில்லை என்பதால், சேம்பரில் மிஞ்சுவது இன்னும் குறைகிறது. உயர் சுழற்சியில் எண்ணெய் எரிவதும் கூடும். மதுரைக்கு வேகமாக ஒருமுறை போய்வந்த பிறகு மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கியிருந்தால் அது பெரிய வியப்பில்லை. அதைப் பாராமல் அடுத்த பயணம் கிளம்புவதே ஆபத்து.

ஒவ்வொரு முறை டேங்கை நிரப்பும்போதும், காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மட்டத்தைப் பாருங்கள். மேல்கோட்டை ஒட்டியே வைத்திருங்கள், ஆனால் அதைத் தாண்டி ஊற்றாதீர்கள். கூடுதலாக ஊற்றினால் சுழலும் கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரை சுமையைத் தாங்காது. மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தாலும் கவலைப்பட வேண்டும். ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற வெண்மை படிந்தால் நீர் கலந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் கார்களில் இவ்விரண்டும் எளிதில் நேரும்.

இரண்டாம் படி: சேம்பரும் உறிஞ்சு குழாயும்

நம் பகுதியில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். பம்பின் உறிஞ்சு குழாய், முனையில் வலையுடன், சேம்பரின் அடித்தட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. அந்த இடைவெளி பொதுவாக 6 முதல் 10 மி.மீ. அளவே இருக்கும். கடற்கரைக் கிராமங்களின் உயரமான வேகத்தடையிலோ, கரைக்கு இறங்கும் மணல் பாதையில் புதைந்த கல்லிலோ சேம்பர் இடித்து உள்நோக்கி ஒடுங்கினால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். எண்ணெய் ஒழுகவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று முடிவு செய்து பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) போதுமான எண்ணெய் அந்தச் சந்து வழியே போய்விடும். 6,000-ஐத் தாண்டி பம்ப் அதிகம் இழுக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஒடுங்கிய சேம்பரை வெளியிலிருந்து தட்டி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழற்றி, குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, சேம்பரை மாற்றுவதே முறை.

கழற்றும்போது இன்னொன்றைப் பாருங்கள். கேஸ்கெட்டுக்குப் பதில் பூசும் சிலிகான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கினால், உள்பக்கம் பிதுங்கிய பகுதி காய்ந்து இழையாகப் பிய்ந்து வலையில் போய் அடைத்துக்கொள்ளும். நல்ல எஞ்சினைக் கொல்ல அத்தகைய இழைகள் போதும். பேஸ்ட்டை மெல்லிய கோடாக, போல்ட் துளைகளின் உள்பக்கம் சுற்றி வரும்படி இட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காயவிட்ட பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். குழாய் பம்புடன் சேரும் இடத்தில் ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அதையும் புதிதாக்குங்கள். பல ஆண்டுச் சூட்டில் இறுகிப்போன ஓ-ரிங் வழியாக எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே புகும். அதனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் படி: அழுத்தமானி

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, அழுத்தம் பொதுவாக 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் எரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஐடிலில் அது பயனுள்ள எச்சரிக்கை. 7,000 சுழற்சியில் 0.5 பார் என்றால், விளக்கு எரியும் முன்னரே பேரிங் வெந்திருக்கும். உயர் சுழற்சியில் ஓட்டப்படும் காருக்கு அழுத்தமானி அலங்காரப் பொருள் அல்ல. ஒரே ஒரு கூடுதல் கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையே வாங்குங்கள் என்பேன்.

ஏற்கனவே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் அமரும் துளையிலிருந்து இணைப்பு எடுக்கலாம். ஜப்பானிய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 1/8 அங்குல பி.எஸ்.பி. டேப்பர் மரை (நுனி நோக்கிக் குறுகும் குழாய் மரை). வேறு மரையுள்ள இணைப்பை வலிந்து முறுக்கினால் பிளாக் வெடிக்கும். கனமான சென்சாரைப் பித்தளை டீ-இணைப்பில் நேரடியாகத் தொங்கவிடாதீர்கள். அதிர்வில் அந்தப் பித்தளை முறிந்து எண்ணெய் முழுவதும் வெளியேறும். உலோகப் பின்னல் சுற்றிய ஹோஸ் வழியாகச் சென்சாரை உடற்சட்டத்தில் பொருத்துங்கள். இரண்டு பார் அளவில் எரியும் பிரகாசமான தனி விளக்கு ஒன்றையும், எஞ்சின் ஓட்ட வேகத்துக்கு வந்த பின் மட்டும் இயங்கும்படி, கண்ணுக்கு நேராக வைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வளைவில் யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பொருத்தியவுடன், எண்ணெய் முழுச் சூட்டில் இருக்கும்போது ஐடிலிலும், 3,000-லும், அதற்கு மேலும் என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிற்காலத்தில் ஒப்பிட அதுதான் உதவும். எல்லா எஞ்சினுக்கும் பொதுவான எண் கிடையாது. எண்ணெய் வெளியேற்ற அளவு மாறும் பம்புகள் கொண்ட புதிய எஞ்சின்கள் வேண்டுமென்றே குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. சூடான ஐடில் அழுத்தம் மாதங்களில் மெல்ல இறங்கினால் பேரிங் இடைவெளியோ பம்போ தேய்கிறது. நேர்ச்சாலையில் சீராக இருந்து வளைவிலும் பிரேக்கிலும் முள் திடீரென விழுந்தால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. சுழற்சி ஏற ஏற ஒரு கட்டத்துக்கு மேல் முள் நடுங்கி இறங்கினால் வலை அடைப்பையோ நுரையையோ சந்தேகியுங்கள்.

நான்காம் படி: எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மையைச் சொல்கிறது. இரண்டாம் எண், 100 டிகிரி செல்சியஸில் உள்ள பிசுபிசுப்பைக் குறிக்கிறது. உறைகுளிர் என்பதே தெரியாத இராமநாதபுரத்தில் முதல் எண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. பேரிங்கைக் காப்பதில் கூர்ந்து பார்க்க வேண்டியது, 150 டிகிரியில் வேகமாகத் தேய்க்கப்படும் நிலையில் எண்ணெய் தக்கவைக்கும் பிசுபிசுப்பு. 30 தர எண்ணெய்க்கு இது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-நொடியும், 5டபிள்யூ-40 எண்ணெய்க்கு 3.5-ம் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. டப்பாவில் அச்சிடாவிட்டாலும் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இது கிடைக்கும்.

வீட்டிலிருந்து அலுவலகம் சென்று வரும் காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன தரமே போதும். கோடையில் மணிக்கணக்கில் உயர் சுழற்சியில் ஓடினால், கையேடு அனுமதிக்கும் தரங்களில் ஒரு படி கனமானதை எடுப்பது நியாயம். அதற்கு மேல் போக வேண்டாம். இறுக்கமான இடைவெளிக்கு வடிவமைத்த எஞ்சினில் மிகக் கனமான எண்ணெய் ஊற்றினால் முள் உயரமாக நிற்கும், ஓட்டமோ குறையும். ராடு சத்தம் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்றுவிடும் வழக்கம் நேர்மையற்றது. வாங்கும் குடும்பம் நடுச்சாலையில் நிற்கும்.

கடுமையாக ஓட்டப்படும் காருக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முன்னதோ, அப்போது எண்ணெயையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: சூடேற்றுதல்

அரிச்சல்முனையில் சூரிய உதயம் பார்க்க அதிகாலையில் இராமேசுவரத்திலிருந்து கிளம்புகிறவர்கள், வெறிச்சோடிய நேர்ச்சாலை கிடைத்ததும் உடனே மிதித்துவிடுகிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் எண்ணெயும் சூடாகிவிட்டது என்று பொருளில்லை. எண்ணெய் முழுச் சூட்டை எட்ட மேலும் பல நிமிடங்கள் ஆகும். முதல் 10 முதல் 15 கி.மீ. வரை 3,000 முதல் 3,500 சுழற்சிக்குள் ஓட்டுங்கள். எண்ணெயின் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே உயர் சுழற்சிக்குப் போகலாம். 90 முதல் 110 நல்ல எல்லை. 130-ஐத் தாண்டினால் காலை எடுத்து ஆறவிடுங்கள். அத்தகைய வெப்பம் திரும்பத் திரும்ப வந்தால் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய ஆயில் கூலர் தேவைப்படுகிறது.

கரையில் மணலில் சக்கரம் புதைந்தால் முதல் கியரில் எஞ்சினை அலறவிடுவது மிகத் தீங்கானது: காற்றோட்டம் இல்லை, எண்ணெய் கொதிக்கும், சக்கரம் இன்னும் ஆழமாகப் போகும். டயர் காற்றைக் குறைத்து, பலகை போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.

ஆறாம் படி: மணலும் உப்பும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று தனுஷ்கோடிச் சாலையின் குறுக்கே மணலை வாரி இறைக்கிறது. மணல் என்பது சிலிக்கா. பேரிங் ஷெல்லைவிடப் பலமடங்கு கடினமானது. காற்றுக் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தாலோ, வடிகட்டாத அளவுக்குத் திறந்த 'ஸ்போர்ட்ஸ்' ஃபில்டர் போட்டிருந்தாலோ, நுண்மணல் சிலிண்டர் வழியே எண்ணெயில் கலந்து ஷெல்லில் பதிந்து கிராங்கைச் சுரண்டும். இந்தக் கரையில் ஓடும் காருக்கு அசல் காகித ஃபில்டரே சிறந்தது. காற்றடிக்கும் காலத்தில் அதை அடிக்கடி மாற்றுங்கள்.

மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்புச் சோதனை மையம் நடத்துவதிலிருந்தே இங்குள்ள உப்புக்காற்றின் கடுமை விளங்கும். தகரச் சேம்பரும் ஆயில் ஃபில்டரின் உறையும் வெளியிலிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும். தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சேம்பரில் பெயிண்ட் உரிந்த இடங்களைச் சுரண்டி மறுபூச்சு கொடுங்கள்.

ஏழாம் படி: பந்தயத் தளத்துக்குப் போகிறவர்கள்

நேர்ச்சாலையில் பழகிய காரைக் கரி தளத்துக்குக் கொண்டுபோகும்போது சூழல் முற்றிலும் மாறுகிறது. பக்கவாட்டில் 1 ஜி விசை வந்தால் சேம்பரில் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். குழாயின் வாய் வெளியே தெரியும். நல்ல பிடிப்புள்ள டயர் மாட்டுவது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. முதலில் சேம்பருக்குள் ஒருவழிக் கதவுகளுடன் தடுப்புத் தகடு அமையுங்கள். கிராங்கின் கீழே காற்றுச்சுழலைத் தடுக்கும் தட்டு இருந்தால் நுரையும் குறையும். அதன் பிறகும் முள் விழுந்தால், அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து வைத்துத் தேவையான நொடியில் செலுத்தும் அக்குமுலேட்டர் உதவும். டிரை சம்ப் (எண்ணெயைச் சேம்பரில் தேக்காமல் தனித் தொட்டியில் வைத்துச் செலுத்தும் அமைப்பு) முழுமையான தீர்வு, ஆனால் ஓரிரு நாள் ஓட்டத்துக்கு அந்தச் செலவு பொருந்தாது.

தவறான கீழ் கியரில் போட்டுவிட்டால் சுழற்சி வரம்பு மீறுவதை எஞ்சின் கணினியால் தடுக்க முடியாது, ஏனெனில் அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரம். அப்படி நேர்ந்தால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.

எட்டாம் படி: எஞ்சினைத் திறக்க நேர்ந்தால்

கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருந்தால் ஷெல்லாக இருக்கலாம். அந்த நிலையில் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் திறந்துவிடுவது, கிராங்கைக் காப்பாற்றும்.

லேத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பின்னையும் மைக்ரோமீட்டரால் இரு திசைகளில் அளந்து எழுதச் சொல்லுங்கள். 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்குக் (விட்டம் அந்த அளவு குறையும்படி) கடையும்போது, பின் பக்கச்சுவருடன் சேரும் மூலையின் வளைவு அப்படியே காக்கப்பட வேண்டும். கூர்மையாக விட்டால் கிராங்க் அங்கேதான் விரிசல் விடும். ராடின் பெரிய முனை முட்டை வடிவமாகியிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். இழுபட்டு இறுகும் வகை ராடு போல்ட்டுகளை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். ஷெல்லின் முதுகுப்புறம் எண்ணெய் இருக்கக்கூடாது, முகப்புறம் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு) தடவ வேண்டும். பிளாஸ்டிகேஜ் இழையை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மென்மையான இழை) வைத்து, டார்க் ரெஞ்சால் முறையாக முறுக்கி, கழற்றி, கிடைத்த இடைவெளியைக் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லும் கணிப்பை இங்கே ஏற்காதீர்கள்.

ஒருமுறை பேரிங் போன எஞ்சினில் கிராங்கின் துளைவழிகளும், பிளாக்கின் எண்ணெய் வழிகளும் அடைப்புகளைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவப்பட வேண்டும். ஆயில் கூலர் இருந்தால் அதை மாற்றுங்கள். அதன் நுண்குழாய்களில் தங்கிய துகள்களை முழுமையாகக் கழுவி எடுக்க முடியாது, புதிய ஷெல்களை அவை சில நாட்களில் தின்றுவிடும்.

முதல் இயக்கத்துக்கு முன் ஃபில்டரில் எண்ணெய் நிரப்பி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருள் ஃபியூஸை எடுத்துவிட்டு, அழுத்தமானி ஏறும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு எப்போதாவது முள் விழுந்தாலோ, சுழற்சியோடு சேர்ந்து 'டக் டக்' என்று அடி கேட்டாலோ, உடனே கிளட்சை மிதித்து, எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். எஞ்சின் அணைந்ததும் பவர் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணைவிசை ஓரிரு மிதிப்புக்கு மட்டுமே மிஞ்சும் என்பதை நினைவில் வைத்து, சாவியைப் பூட்டு நிலை வரை திருப்பாமல் ஓரத்தில் நிறுத்துங்கள். பாம்பன் பாலத்தின் நடுவில் நேர்ந்தாலும் எஞ்சினை மறுபடி இயக்கி "கரை வரை மட்டும்" ஓட்டிப் பார்க்காதீர்கள். அபாய விளக்கைப் போட்டு, பின்வரும் வண்டிகளை எச்சரித்து, இழுவை வண்டியை வரவழையுங்கள்.